பெஞ்சில் உட்காரும் பையனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது வீண் செலவா?

நாலாவது டவுன்:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம்) ஒன்றைத் திரும்பப் பார்த்தேன். 2003 சீசனுடையது, பேந்தர்ஸும் பேட்ரியாட்ஸும் மோதியது. நாலே நொடி மிச்சமிருக்க ஆடம் வினாட்டியேரி 41 யார்டு பீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) உதைத்து 32–29 என்று முடித்து வைத்தார். அதற்குச் சற்று முன்னால் டச் டவுன் வீசி ஆட்டத்தை 29–29 என்று கொண்டுவந்தவர் ஜேக் டெலோம். அப்போதுதான் உறைத்தது. இந்த இரண்டு பேருமே ஒரு காலத்தில் என்எஃப்எல்லின் ஐரோப்பிய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் ஜெர்சி போட்டவர்கள். வினாட்டியேரி 1996இல், டெலோம் 1998இல். டெலோம் அங்கேகூட முதல் ஆள் இல்லை, கர்ட் வார்னருக்கு மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்).

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால். 1991இல் வேர்ல்டு லீக் என்ற பெயரில் பத்து அணிகளோடு ஆரம்பித்தார்கள். லண்டன், பார்சிலோனா, ஃபிராங்க்ஃபர்ட் மூன்றும் ஐரோப்பாவில், மற்றவை வட அமெரிக்காவில். 1992க்குப் பிறகு நிறுத்திவிட்டு, 1995இல் ஆறு ஐரோப்பிய அணிகளோடு மறுபடி தொடங்கினார்கள். 1998இல் அது என்எஃப்எல் ஐரோப்பா ஆனது. என்எஃப்எல் அணிகள் தங்கள் பெஞ்ச் வீரர்களை ஆடவைக்க அங்கே அனுப்பின. 2007இல் மூடிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். என்எஃப்எல் அணியின் 53 பேர் பட்டியலின் வாலில் இருக்கும் பையனுக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் (பட்டியலுக்கு வெளியே பயிற்சிக்கென்று வைத்திருக்கும் குழு) இருப்பவனுக்கும் இன்று நிஜமான ஆட்டம் எங்கே கிடைக்கிறது? மூடியது தப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
மறுக்கிறேன். வார்னர், டெலோம், வினாட்டியேரி, பிராட் ஜான்சன், ஜேம்ஸ் ஹாரிசன். இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் இதே ஐந்தாறு பேர்தான் வரிசையில் வந்து நிற்பார்கள். ஆறு அணி, ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல் ஆட்கள், 1995 முதல் பதின்மூன்று சீசன். மற்றவர்களெல்லாம் எங்கே போனார்கள்? ஜெயித்தவனின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு ஊரே பணக்கார ஊர் என்று சொல்வது போல இருக்கிறது.

ஹாரிசன் கதையை நன்றாகப் பாருங்கள். 2004இல் என்எஃப்எல்லின் பால்டிமோர் அவரை ஜெர்மனியின் ரைன் ஃபயர் அணிக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் அதே பால்டிமோர் வெளியே அனுப்பிவிட்டது. ஐரோப்பா அவரை வளர்த்தது உண்மையானால், அனுப்பியவர்கள் கண்ணுக்கே அது ஏன் தெரியவில்லை? பிட்ஸ்பர்க் கூப்பிட்டதும், 2008இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியதும் பிறகு நடந்தவை.

நாலாவது டவுன்:
அண்ணே, ஹாரிசன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், அவரை விட்டுவிடுகிறேன். ஆனால் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுவது சரியான அளவுகோல் இல்லை. அங்கே போனவர்கள் யார்? பெரும்பாலும் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) யாரும் எடுக்காதவர்கள், அல்லது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் கழித்துக்கட்டப்பட்டவர்கள். அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவன் தேறினாலும் பெரிய விஷயம். அனுப்பாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒப்பீட்டை உங்களாலும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் இந்த வாதம் இருபது வருடமாக ஓடுகிறது.

இடது டேக்கிள்:
எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, களத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் ஜெர்மனியில் ஒரு சின்ன கிளப்பில் லைன்மேனாக (முன்வரிசையில் முட்டித் தள்ளுபவன்) இரண்டு சீசன் ஆடியவன். திறமைசாலி இல்லை, உடம்பு பெரிது, அவ்வளவுதான்.

என்எஃப்எல் பிராக்டிஸ் ஸ்குவாடில் ஒருவன் வாரம் முழுக்க என்ன செய்கிறான் தெரியுமா? எதிரணியாக நடிக்கிறான். பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் எதிரணியின் ஆட்டம் வரைந்திருக்கும். அதைப் பார்த்து அப்படியே ஓட வேண்டும். அதாவது இவன் தன் சொந்த அணியின் பிளேபுக்கைக்கூட (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு) உடம்பால் கற்பதில்லை, ஒவ்வொரு வாரமும் வேறொருவனுடையதை ஒப்பேற்றுகிறான். மூன்றாவது குவார்ட்டர்பேக்கும் அதே அட்டையைப் பார்த்துத்தான் வீசுகிறான். பயிற்சியில் சொந்த ஆட்டங்களை ஓட்டும் வாய்ப்பு கிட்டத்தட்ட முழுவதும் முதல் ஆளுக்கே போய்விடும். இரண்டாவது ஆளுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி.

இதோடு என்எஃப்எல் வீரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் முழுவதிலும் முழுக் கவசத்தோடு பயிற்சி 14 முறைதான். ஒரே நாளில் இரண்டு முறை முட்டி மோதும் முகாமெல்லாம் போயே போய்விட்டது. வீரர்கள் உடம்புக்கு அது நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் லைன் வேலையைக் கவசம் இல்லாமல் கற்க முடியாது. எதிரில் இருப்பவன் நிஜமாகவே உன்னைத் தள்ள வேண்டும், நீ கீழே விழ வேண்டும், அடுத்த முறை இடுப்பைத் தாழ்த்த வேண்டும். நீச்சலைக் கரையில் நின்று கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பிரையன் வாட்டர்ஸை யாரும் சொல்லவில்லையே. கல்லூரியில் லைன்மேனே இல்லை, டைட் எண்டும் ஃபுல்பேக்குமாக இருந்தவர். கேன்சஸ் சிட்டி அவரை எடுத்து, 2000இல் பெர்லின் தண்டர் அணிக்கு அனுப்பி லைனில் நிறுத்தியது. பிறகு கார்டாக (லைனில் ஓர் இடம்) ஆடிப் பல புரோ பவுல் (லீக்கின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டம்) போனார். இடம் மாற்றிக் கற்கும் ஒருவனுக்கு நூற்றுக்கணக்கான நிஜ ஸ்நாப் (பந்தைக் கைமாற்றித் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டு) வேண்டும். செப்டம்பர் மாதத்து என்எஃப்எல் ஆட்டத்தில் அதை யார் கொடுப்பார்கள்?

பழைய வால்ட்ஸ்டேடியன்:
ஃபிராங்க்ஃபர்ட் கேலக்ஸி ஆட்டங்களுக்குத் தவறாமல் போனவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? நீங்கள் எல்லோரும் அதை ஏதோ பயிற்சிக்கூடம் போலப் பேசுகிறீர்கள். எங்களுக்கு அது எங்கள் அணி. ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வெளியே இசையும் கூட்டமுமாகத் திருவிழா களைகட்டிவிடும். 2007 ஜூனில் நடந்த கடைசி வேர்ல்டு பவுலுக்கு (அந்த லீக்கின் இறுதி ஆட்டம்) 48,125 பேர் வந்தோம். ஹாம்பர்க் சீ டெவில்ஸ் எங்களை 37–28 என்று தோற்கடித்தது. வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, லீக்கையே மூடிவிட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். தோற்றதற்குப் பழிவாங்கவே முடியாமல் போன ஒரே ரசிகர் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

வேடிக்கை என்னவென்றால் நாலு பாயிண்ட் பீல்டு கோல். 50 யார்டுக்கு மேல் இருந்து உதைத்தால் அங்கே மூன்று இல்லை, நாலு. அதை இப்போதும் கொண்டுவரலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

கணக்குப்பிள்ளை:
இன்றைய கிக்கர்கள் 50 யார்டைப் பல் தேய்ப்பது போல உதைக்கிறார்கள். நாலு பாயிண்ட் கொடுத்தால் யாரும் டச் டவுனுக்கே போக மாட்டார்கள்.

பழைய வால்ட்ஸ்டேடியன்:
அதுவும் சரிதான். கிக்கர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பார்சிலோனா டிராகன்ஸுக்கு உதைத்த ஹேசுஸ் அங்கோய், எஃப்சி பார்சிலோனாவின் கோல்கீப்பராக இருந்தவர், யோஹன் கிராய்ஃபின் மருமகன். ஸ்காட்டிஷ் கிளேமோர்ஸுக்கு 1996இல் உதைத்தவர் ரக்பி கேப்டன் கேவின் ஹேஸ்டிங்ஸ். ரைன் ஃபயரின் மான்ஃபிரெட் புர்க்ஸ்முல்லர் இருக்கிறாரே, புண்டஸ்லிகாவில் 213 கோல் அடித்துவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டியும் இங்கே உதைத்துக்கொண்டிருந்தார். வளரும் வீரர்களுக்கான லீக் என்று நீங்கள் சொன்னால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இடது டேக்கிள்:
அவரும் வளர்ந்துகொண்டுதான் இருந்தார், பக்கவாட்டில்.

மூன்றாவது குவார்ட்டர்பேக்:
சிரிப்பு போதும், வார்னருக்கு வருகிறேன். எல்லோரும் "மளிகைக் கடையில் அலமாரி அடுக்கினார், பிறகு சூப்பர் பவுல்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

1994இல் கிரீன் பே முகாமில் கழிக்கப்பட்டார். 1995 முதல் மூன்று வருடம் அரீனா லீக்கில் ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ். அது உள்ளரங்க ஆட்டம், களம் 50 யார்டு, எட்டு பேர். பந்தைச் சட்டென்று கையிலிருந்து விடுவிப்பதை அங்கே கற்றார். ஆனால் 11 பேர் கொண்ட தடுப்பு வரிசையைப் படிப்பது வேறு வித்தை. 1998 வசந்தத்தில் ராம்ஸ் அணி அவரை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியது. பத்து ஆட்டம், முழுக் களம், பாஸிங் யார்டிலும் டச் டவுனிலும் லீக்கிலேயே முதல் இடம். திரும்பி வந்து அந்த சீசன் முழுக்க மூன்றாவது ஆள். 1999இல் புதிய கிளீவ்லேண்ட் அணிக்கு ஆள் எடுக்கும்போது ராம்ஸ் அவரைப் பாதுகாக்கக்கூட இல்லை, கிளீவ்லேண்டும் சீண்டவில்லை. ஆகஸ்டில் முதல் குவார்ட்டர்பேக் டிரெண்ட் கிரீனின் முழங்கால் போனது. அப்புறம் 41 டச் டவுன், லீக் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர் விருது), சூப்பர் பவுலில் 414 யார்டு.

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு இதில் ஒரு பரிசும் இருக்கிறது. ஐரோப்பாவில் முதலிடம் பிடித்தவனை ராம்ஸே நம்பவில்லை. அதாவது வளர்ந்தது உண்மை, வளர்ந்ததை அளக்கத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு குறை. ஹாரிசனுக்கு நடந்ததும் இதேதான்.

கணக்குப்பிள்ளை:
பரிசுக்கு நன்றி, ஆனால் இன்னொன்றைக் கவனிக்க மறந்துவிட்டீர்கள். 1998 ஆம்ஸ்டர்டாமில் வார்னர் பத்து ஆட்டமும் ஆடினார் என்றால், டெலோம் பத்து ஆட்டமும் ஏறக்குறைய பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வளரத்தானே அனுப்பப்பட்டார்? அடுத்த வருடம் ஃபிராங்க்ஃபர்ட்டில் பாட் பார்ன்ஸோடு பங்கு போட்டு ஆடினார். என்எஃப்எல் அணிகள் தலைக்கு ஒரு குவார்ட்டர்பேக்கை அனுப்பினால், ஆறு அணியில் ஆறு நாற்காலிதான். அங்கேயும் பெஞ்ச் உண்டு.

உடம்பு விஷயம் யாரும் பேசவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே. ஜூலையில் இங்கே முகாம். ஆகஸ்டில் முன்னோட்ட ஆட்டங்கள், பிறகு டிசம்பர் வரை சீசன். ஒரு லைன்மேன் ஒரே வருடத்தில் முப்பது ஆட்டத்துக்குப் பக்கத்தில் முட்டி மோத வேண்டும். நவம்பரில் அவன் காலைப் பாருங்கள், மரக்கட்டையாக இருக்கும். அதோடு வசந்தத்தில் தன் அணியின் புதிய பயிற்சியாளர் பிளேபுக் சொல்லிக்கொடுக்கும்போது இவன் டூசல்டார்ஃபில் வேறொன்றைப் படித்துக்கொண்டிருப்பான். இதனால்தான் கடைசி வருடங்களில் அணிகள் நல்ல பையன்களை அனுப்பத் தயங்கின.

நாலாவது டவுன்:
தயக்கத்துக்கு மருந்தும் வைத்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் ஆட்களுக்காக முகாம் பட்டியலில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். முகாமில் ஓர் ஆள் அதிகம் என்றால் பயிற்சியாளர்களுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் கெட்டது. வளரும் பையனை அனுப்பாமல், முகாமில் கூடுதல் இடத்துக்காக யாரையாவது அனுப்பினார்கள். அவன் ஆகஸ்டில் மற்றவர்களுக்கு இடி தாங்கும் உடம்பு. சலுகைக்காக ஓர் அமைப்பு ஓட ஆரம்பித்தால் அதன் நோக்கம் எப்போதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.

நாலாவது டவுன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

மழைக்கால ஆட்டம்:
நான் கனடா லீக் பார்ப்பவன். எல்லோரும் ஐரோப்பாவையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். வாரன் மூன் 1978இல் டிராஃப்டில் எடுக்கப்படாமல் எட்மன்டன் போனார். தொடர்ந்து ஐந்து கிரே கப் (கனடா லீக் கோப்பை), ஆறு சீசன், பிறகு 1984இல் ஹூஸ்டன், கடைசியில் ஹால் ஆஃப் ஃபேம். கேமரன் வேக் பி.சி. லயன்ஸில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 2009இல் மயாமி போனார், குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் 'சாக்' நூற்றுக்கு மேல். என்எஃப்எல் ஒரு காசு செலவழிக்காமல் வளர்ந்த ஆட்கள் இவர்கள்.

மூன்றாவது குவார்ட்டர்பேக்:
கனடா நல்ல லீக், ஆனால் வேறு ஆட்டம். மூன்று டவுன் (முன்னேறக் கிடைக்கும் முயற்சி), 12 பேர், 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம், ஸ்நாப்புக்கு முன் ரிசீவர்கள் முன்னோக்கி ஓடிவரலாம். வேக் போலக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவனுக்கு விதி ஒரு பொருட்டில்லை. குவார்ட்டர்பேக்குக்கும் ரிசீவரை மறிக்கும் கார்னருக்கும் அங்கே படியும் கண் பழக்கத்தை இங்கே வந்து மாற்ற வேண்டும். மூன் மாற்றிக்கொண்டார், எல்லோரும் மூன் இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் உரிமை. கனடா அணி தன் வெற்றிக்காக ஆடுகிறது, உங்கள் பையனை வளர்க்க அல்ல. அமெரிக்காவின் வசந்தகால லீக்கான யுஎஃப்எல்லும், அதற்கு முந்தைய யுஎஸ்எஃப்எல்லும் அப்படித்தான். டல்லஸ் கிக்கர் பிராண்டன் ஆப்ரி கால்பந்துக்காரராக இருந்து, யுஎஸ்எஃப்எல்லின் பர்மிங்ஹாம் ஸ்டாலியன்ஸில் இரண்டு சீசன் உதைத்து, 2023இல் வந்தார். அற்புதமான கதை. ஆனால் அது கதவுக்கு வெளியே நிற்பவன் உள்ளே வரும் வழி. ஏற்கெனவே உள்ளே இருப்பவனை ஆடவைக்கும் வழி இல்லை.

பழைய வால்ட்ஸ்டேடியன்:
பணத்துக்காகத்தான் மூடினார்கள், அதை நேரடியாகச் சொல்லுங்கள். வருடத்துக்குச் சுமார் 30 மில்லியன் டாலர் நட்டம் என்று அப்போது செய்தி வந்தது. 32 அணிக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு மில்லியன்கூட இல்லை. 2007இல் ஓர் அணியின் சம்பள வரம்பே 109 மில்லியன். மாற்று குவார்ட்டர்பேக் ஒருவனுக்கே அந்த ஒரு மில்லியனைவிட அதிகமாகக் கொடுப்பார்கள். அதே அக்டோபரில் வெம்ப்ளிக்கு ஜயன்ட்ஸையும் டால்ஃபின்ஸையும் கூட்டிவந்து நிஜ சீசன் ஆட்டமே நடத்தினார்கள். அசலை விற்க முடியும் என்று தெரிந்ததும் எங்களுக்கு அனுப்பிய சாம்பிள் பாக்கெட்டை நிறுத்திவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் கோபத்தில் சொன்னதுதான் என் முழு வாதமும். அந்த லீக் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்தது. ஒருவருக்கு ஜெர்மனியில் டிக்கெட் விற்க வேண்டும், இன்னொருவருக்கு லைன்மேன் வளர வேண்டும். கணக்கு எழுதியதெல்லாம் முதல் எஜமானரின் நோட்டில். கடைசியில் ஆறில் ஐந்து அணி ஜெர்மனியில் இருந்ததே, வளர்ப்புக்காகவா? கூட்டம் அங்கேதான் வந்தது.

இடது டேக்கிள்:
உள்ளூர் ஆட்களை மறந்துவிட்டோம். குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் ஐரோப்பிய வீரன் களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் அதைத் தண்டனை போலப் பார்த்தார்கள். ரிசீவராக நிறுத்துவார்கள், பந்தே வராது. இப்போது நிலைமை மேல். 2017இல் தொடங்கிய சர்வதேசப் பாதைத் திட்டம் வழியாக ஜெர்மனியின் யாக்கோப் ஜான்சன் நியூ இங்கிலாந்தில் ஃபுல்பேக் ஆனார். லண்டனில் வளர்ந்த எஃபே ஒபாடா கரோலினா போனார். 2024 முதல் ஒவ்வொரு அணிக்கும் வெளிநாட்டு வீரருக்கென்றே 17ஆவது பிராக்டிஸ் ஸ்குவாட் இடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நீங்களே ஜோர்டன் மைலாட்டாவுக்கு வந்து சேருவீர்கள் என்று காத்திருந்தேன். ஆஸ்திரேலிய ரக்பி லீக் பையன். 2018 டிராஃப்டுக்கு முன் இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஏழாவது சுற்றில் ஃபிலடெல்ஃபியா எடுத்தது. ஐரோப்பா போகவில்லை, எங்கேயும் போகவில்லை. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்டிடம் இரண்டு வருடம் கற்றார். டிவி அறிமுகத்தில் தன் கல்லூரி "ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் பல்கலைக்கழகம்" என்றே சொல்வார். இன்று லீக்கின் மிகச் சிறந்த இடது டேக்கிள்களில் ஒருவர், சூப்பர் பவுல் மோதிரமும் இருக்கிறது. உங்கள் பெயர்க்காரரே உங்களை மறுக்கிறார்.

இடது டேக்கிள்:
நல்ல அடி. ஆனால் முழுதாகப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் அவர் ஒரு ஸ்நாப்கூட ஆடவில்லை, நடுவில் முதுகுக் காயம் வேறு. 2020இல் ஆண்ட்ரே டில்லார்டுக்குக் காயம், பிறகு ஜேசன் பீட்டர்ஸுக்குக் காயம், அதனால் கதவு திறந்தது. அந்த இரண்டு காயமும் இல்லாவிட்டால்? டில்லார்டு முதல் சுற்று ஆள், அவரை உட்காரவைத்துவிட்டு யார் இவரை இறக்கியிருப்பார்கள்? அப்புறம், 32 அணியில் ஸ்டவுட்லேண்ட் எத்தனை பேர்? ஒரே ஒரு வாத்தியார் நல்லவராக இருந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
வார்னருக்குக்கூட கிரீனின் முழங்கால் தேவைப்பட்டது. காயம் இல்லாமல் கதவு திறந்த ஒரு கதையையாவது யாராவது சொல்லுங்கள்.

மூன்றாவது குவார்ட்டர்பேக்:
ஃபிரெட் ஜாக்சன். மூன்றாம் நிலைக் கல்லூரி, உள்ளரங்க லீக், 2006இல் ரைன் ஃபயர், பிறகு பஃபலோ. அவரும் உடனே ஒன்றும் முதல் ஆள் ஆகவில்லை, மெல்ல மெல்ல 2009இல் ஆயிரம் யார்டைத் தாண்டினார். ரன்னிங் பேக்குகளைச் சுழற்றி ஆடவைப்பார்கள், அதனால் அங்கே கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். குவார்ட்டர்பேக், இடது டேக்கிள், கிக்கர் மூன்றுக்கும் ஒரே நாற்காலி. அதனால் வெளியே ஆடவைக்க வேண்டிய ஆட்களும் இவர்கள்தான்.

நாலாவது டவுன்:
இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மூடியது தப்பு என்று எழுதினேன். இப்போது, அந்த வடிவத்தில் அது எப்படியும் மூடப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முழு லீக்கும் வேண்டாம். 2021இல் தொடங்கிய ஐரோப்பிய லீக்கில் கேலக்ஸி, ரைன் ஃபயர் என்று பழைய பெயர்களே திரும்பி வந்தன. அமெரிக்கர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, உள்ளூர் ஆட்களை வைத்தே ஆடினார்கள். அப்படிப்பட்ட லீக்குக்கு என்எஃப்எல் அணிகள் குவார்ட்டர்பேக்கையும் இரண்டு லைன்மேனையும் மட்டும் கடனாக அனுப்பினால்? சம்பளம் என்எஃப்எல் அணியுடையது, முகாம் சலுகை கிடையாது. சலுகை இல்லாவிட்டால் நிஜமாகவே வளர்க்க நினைப்பவன் மட்டும்தான் அனுப்புவான்.

இடது டேக்கிள்:
அந்த லீக்குகள் கோடையில் ஆடுகின்றன. ஆகஸ்டில் உங்கள் குவார்ட்டர்பேக் முகாமில் இருக்க வேண்டும், இங்கே பிளே ஆஃப் நெருங்கிக்கொண்டிருக்கும். எங்கள் கிளப்பில் ஒரு தடவை இப்படித்தான், அமெரிக்காவிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் சீசன் நடுவில் ஊருக்குக் கிளம்பிப் போனான். மிச்ச ஆட்டங்களுக்கு எங்கள் டைட் எண்டு வீசினான். அவன் வீசியதை இப்போது நினைத்தாலும் தோள் வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நாட்காட்டியைச் சரிசெய்தாலும் இன்னொன்று இருக்கிறது. பல மில்லியன் முதல் போட்ட லைன்மேனை வேறொருவர் மைதானத்தில், வேறொருவர் மருத்துவக் குழுவை நம்பி எந்த ஜெனரல் மேனேஜர் விடுவார்? ஆனால் ஏழாம் சுற்று ஆளை விடுவார்.

நாலாவது டவுன்:
ஏழாம் சுற்று ஆள் போதுமே அண்ணே. மைலாட்டா ஏழாம் சுற்றுதானே.

பழைய வால்ட்ஸ்டேடியன்:
யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்புங்கள். ஹாம்பர்க் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.